மருத்துவமனையில் அத்தைக்கு "கீழே விழும் அபாயம் அதிகம்" என்று குறித்திருக்கிறார்கள்: அந்த மதிப்பெண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி கேட்டவர்: தாழ்வாரம்

அனைவருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு வயது 78. நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். சேர்த்த அன்றே செவிலியர் ஒருவர் வந்து சில கேள்விகளைக் கேட்டு, படிவம் ஒன்றில் 60 என்று மதிப்பெண் எழுதி, அத்தையின் கையில் மஞ்சள் பட்டை கட்டிவிட்டு, இனி அவர் தனியாகக் கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிச் சென்றார். எங்களுக்கு அது வியப்பாக இருந்தது. ஏனென்றால் அத்தை வீட்டில் கைத்தடி இல்லாமல் நடப்பவர். மாடிப்படி ஏறி இறங்குபவர். சில வாரங்களுக்கு முன்பு குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்தார் என்பது உண்மைதான், ஆனால் அடி எதுவும் படவில்லை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகம் பிரியச் செய்வது.

சேர்த்தபோது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது பகலில் பெரும்பாலும் கண்மூடியே படுத்திருக்கிறார். மாலையானால் இது எந்த இடம் என்று ஓரிரு முறை கேட்கிறார். காய்ச்சலின் களைப்பும் வயதும்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரவில் தூக்கம் வரவில்லை என்று சொன்னதால் தூக்க மாத்திரையும் தொடங்கியிருக்கிறார்கள்.

வீட்டில் இப்போது இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. என் கொழுந்தனார், கட்டிலின் இரண்டு பக்கத் தடுப்புக் கம்பிகளையும் எப்போதும் உயர்த்தி வைக்கவேண்டும், சிறுநீர்க் குழாய் பொருத்தச் சொல்லிவிட்டால் எழுந்திருக்கவேண்டிய தேவையே இராது என்கிறார். என் கணவரோ நன்றாக நடக்கும் மனிதரைப் படுக்கையில் கட்டிப்போடுவதா என்று கேட்கிறார். மருத்துவமனையில் முதியவர்கள் உண்மையில் எதனால் விழுகிறார்கள், அந்த 60 என்பது எதைச் சொல்கிறது, நாங்கள் எதைக் கவனிக்கவேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

பதில் 1: இரவுப்பணி

சகோதரி அவர்களுக்கு வணக்கம். நான் பொது மருத்துவ வார்டில் பணிபுரியும் செவிலியர். நீங்கள் சொல்லும் படிவம் பெரும்பாலும் மோர்ஸ் அளவுகோலாக இருக்கவேண்டும். செவிலியத் துறை ஆய்வாளரான ஜானிஸ் மோர்ஸ் 1989இல் வெளியிட்ட இந்த அளவுகோலில் ஆறே கேள்விகள்தான் உள்ளன. அண்மையில் விழுந்திருந்தால் 25. ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் 15. நடப்பதற்குக் கைத்தடியோ வாக்கரோ தேவைப்பட்டால் 15, மேசை நாற்காலிகளைப் பற்றிக்கொண்டு நடந்தால் 30. நரம்பில் ஊசி செருகியிருந்தால் 20. நடை தளர்ந்திருந்தால் 10, தடுமாறினால் 20. தன்னால் எது முடியும், எது முடியாது என்பதை உணராதவராக இருந்தால் 15. எல்லாவற்றையும் கூட்டினால் உச்சம் 125. பல மருத்துவமனைகளில் 45ஐ எட்டியவருக்கு மஞ்சள் பட்டை கட்டுவது வழக்கம்.

உங்கள் அத்தைக்குக் குளியலறையில் விழுந்ததற்கு 25, ஒன்றுக்கு மேற்பட்ட நோய்களுக்கு 15, கையிலுள்ள ஊசிக்கு 20 என்று கூட்டியிருப்பார்கள். நடையில் குறையில்லை என்பதையும் அந்தப் படிவம் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு 0. நாளை அந்த ஊசியை எடுத்துவிட்டால் மதிப்பெண் 40 ஆகி, அவர் எல்லைக்குக் கீழே வந்துவிடுவார். ஊசியை எடுத்ததனால் அவருடைய கால்கள் ஒரே நாளில் வலுப்பெற்றுவிடப் போவதில்லை. ஆகவே அந்த எண்ணைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், அது குறைந்துவிட்டால் நிம்மதி அடையவும் வேண்டாம். நாங்கள் அதைப் பணி மாறும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கான அடையாளமாகத்தான் பயன்படுத்துகிறோம். குறைந்தபட்சம் அப்படித்தான் பயன்படுத்தவேண்டும்.

உண்மையில் எதனால் விழுகிறார்கள் என்ற கேள்விக்கு வார்டு அனுபவத்திலிருந்து சொல்வதானால், முதல் காரணம் கழிப்பறை. விழுகிறவர்களில் பெரும்பாலோர் யாரும் பார்க்காத நேரத்தில், தம் கட்டிலுக்கு அருகிலோ கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையிலோதான் விழுகிறார்கள். சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். அழைப்பு மணியை அழுத்தினால் ஆள் வர நேரமாகும். அந்தப் பெண்ணை எத்தனை முறைதான் தொந்தரவு செய்வது என்ற கூச்சம் வேறு. ஊசிக் குழாயை இழுத்துக்கொண்டு, அரை இருட்டில், பழகாத தரையில், பழகாத உயரமுள்ள கட்டிலிலிருந்து அவசரமாக இறங்குவார்கள். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டே கழிப்பறைக்குப் போய்வரக்கூடியவர் இங்கே எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாமல் நிற்பார். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை எடுத்துக்கொள்பவர் என்றால் இந்த அவசரம் இரட்டிப்பாகும்.

எனவே மணி அடித்தால்தான் அழைத்துச் செல்வது என்றிராமல், உணவுக்குப் பின்னும், படுக்கப்போகும் முன்னும், விடியற்காலையில் விழிப்பு வரும் வேளையிலும் நாமாகவே கேட்டு அழைத்துச் செல்வது எந்தப் பட்டையையும்விடப் பயனுள்ளது. அத்தை மணியை எட்ட முடிகிறதா என்பதை நீங்கள் வார்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் பாருங்கள். மணியின் கம்பி தலையணைக்குப் பின்னால் விழுந்து கிடப்பதையும், மூக்குக் கண்ணாடி அலமாரிக்குள் பத்திரமாக இருப்பதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பகல் தூக்கத்தையும் மாலைக் குழப்பத்தையும் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை மருத்துவர் யாராவது பார்த்துப் பதில் சொன்னால் நல்லது. அதை வயதின் மேல் போட்டுவிட எனக்கு மனமில்லை.

---

பதில் 2: முதுமைமருத்துவம்

மேலே செவிலியர் எழுதியதன் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தக் கேள்வியில் எனக்குக் கவலை தருவது 60 அன்று. பகலில் கண்மூடிக் கிடக்கிறார், இடம் தெரியாமல் கேட்கிறார் என்ற வரிகள்தான். சேர்த்தபோது தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் இப்படி மாறினால் அதை டெலிரியம் என்று சந்தேகிக்கவேண்டும். உடலில் ஏற்பட்ட நோயின் விளைவாக மூளையின் கவனமும் விழிப்பும் குலைந்துபோகும் நிலை அது. கத்திக் கலாட்டா செய்பவருக்குத்தான் டெலிரியம் என்று பலர் எண்ணுகிறார்கள். முதியவர்களிடம் சத்தமில்லாத வகை மிகுதி. அமைதியாகப் படுத்திருப்பதால் யாருக்கும் தொந்தரவில்லை, அதனாலேயே அது கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. அப்படிப்பட்டவர் நள்ளிரவில் எழுந்து, தன் கையில் ஊசி இருப்பதையும், உடம்பு பலவீனமாக இருப்பதையும், தனியாக இறங்க வேண்டாம் என்று சொல்லப்பட்டதையும் மறந்து நடக்கத் தொடங்குவார்.

மோர்ஸ் படிவத்தில் மனநிலை பற்றிய கேள்வி இருப்பது உண்மையே. ஆனால் அது தன் நடைத்திறனை நோயாளி சரியாக மதிப்பிடுகிறாரா என்பதை மட்டும் கேட்கிறது. அதுவும் சேர்த்த அன்று கேட்டது. பிறகு ஏற்பட்ட மாற்றம், யாராவது மீண்டும் கேட்டாலொழிய அந்த எண்ணில் ஏறாது. இந்த வகையில், நோயாளியை நன்கு அறிந்த குடும்பத்தினரின் கண்ணே நம்பத்தகுந்த கருவி. "இவர் இப்படிப்பட்டவர் அல்லர், இந்த மாற்றம் இங்கே வந்த பிறகு ஏற்பட்டது" என்ற சொற்களை இன்றே மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். 4ஏடி என்ற எளிய சோதனை உண்டு. விழிப்பு நிலையைப் பார்ப்பார்கள். வயது, பிறந்த நாள், இடம், ஆண்டு ஆகியவற்றைக் கேட்பார்கள். மாதங்களின் பெயரைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். மாற்றம் திடீரென்று வந்ததா என்று உங்களிடம் விசாரிப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். டெலிரியம் என்று தெரியவந்தால் ஆக்சிஜன் அளவு, உப்புச்சத்து, சிறுநீர் தேங்குதல், மலச்சிக்கல், வலி, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து என ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். மலச்சிக்கலைச் சொல்லும்போது குடும்பத்தினர் சிலர் சிரிப்பார்கள். அது முதியவரின் தெளிவைக் குலைப்பதற்குப் போதுமானது.

அடுத்தது, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிவது. காய்ச்சலில் நீர் வற்றியிருக்கும், உணவு குறைந்திருக்கும்; ஆனால் வீட்டு மாத்திரைகள் அதே அளவில் தொடரும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறையும், நின்றவுடன் முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளந்து பார்த்தால், மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்திருந்தால் அது குறிப்பிடத்தக்க சரிவு. படுத்த நிலையில் மட்டுமே அளந்தால் இது ஒருபோதும் வெளிப்படாது. நோயாளி தலைசுற்றுகிறது என்று சொல்வார் என்று காத்திருக்கவும் முடியாது. பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை.

மதிப்பெண் முறைகளைப் பற்றி ஒன்று. 1997இல் வந்த ஸ்ட்ராட்டிஃபை, 2003இல் வந்த ஹெண்ட்ரிச் இரண்டாம் மாதிரி என்று இன்னும் பல உண்டு. முதியவர் வார்டுகளில் இவற்றைப் பயன்படுத்தினால் பெரும்பாலோர் அபாயமுள்ளவர்கள் என்றே முடிவு வரும். அவர்களில் பெரும்பாலோர் விழவும் மாட்டார்கள். அபாயம் குறைவு என்று குறிக்கப்பட்டவர்களில் சிலர் விழுவார்கள். இதனால்தான் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், விழப்போகிறவரைக் கணிக்கும் மதிப்பெண் கருவிகளைக் கைவிட்டு, 65 வயதும் அதற்கு மேலும் ஆன உள்நோயாளிகள் அனைவரையும் அபாயமுள்ளவர்களாகவே கருதி, ஒவ்வொருவரிடமும் மாற்றக்கூடிய காரணங்களைத் தேடும்படி கூறியது. 2022இல் வெளிவந்த உலக வழிகாட்டுதலும் மருத்துவமனைகளில் மதிப்பெண் கருவிகள் வேண்டாம் என்கிறது. என் கருத்தும் அதுவே. படிவம் நிரம்பியவுடன் வேலை முடிந்தது என்ற மனநிறைவு வந்துவிடுவதுதான் அதன் பெரிய தீங்கு.

விழும் வாய்ப்பு ஒன்று, விழுந்தால் பெருங்காயம் ஏற்படும் வாய்ப்பு வேறொன்று. எலும்பு மெலிந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், மிகவும் மெலிந்து தளர்ந்தவர்கள் ஆகியோர் சாதாரணமாகச் சரிந்து விழுந்தாலும் நிலைமை கடுமையாகலாம். உங்கள் அத்தைக்கு முன்பு எலும்பு முறிவு ஏதேனும் ஏற்பட்டதுண்டா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏதும் தருகிறார்களா என்பதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

---

பதில் 3: நடைபயில்

இயன்முறை மருத்துவர் என்ற முறையில் உங்கள் கொழுந்தனாரின் யோசனைகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அவருடைய அக்கறையை மதிக்கிறேன், வழி தவறானது.

நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்து 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அவர்கள் நோயில்லாதவர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நிமோனியாவும் பசியின்மையும் சேர்ந்தால் இழப்பு இன்னும் விரைவாக நடக்கும். விழாமலிருக்கப் படுக்கவைத்தால், எழுந்திருக்கும் நாளில் அவர் உண்மையாகவே விழக்கூடியவராக மாறியிருப்பார். அந்த விழுகை வீட்டில் நடக்கும். மருத்துவமனையின் கணக்கில் வராது.

தடுப்புக் கம்பியைப் பொறுத்தவரை, தூக்கத்தில் புரண்டு உருளும் அபாயம் உள்ளவர்களுக்கும், அறுவை சிகிச்சை மயக்கம் முழுதும் தெளியாதவர்களுக்கும் அது பயன்படும். குழப்பத்தில் இருந்துகொண்டு எழுந்து நடக்கக்கூடியவருக்கு அது தடையாக இராது; அதன் மேல் ஏறி இறங்க முயல்வார், கூடுதல் உயரத்திலிருந்து விழுவார், கம்பிகளுக்கிடையே உடல் சிக்கிக்கொள்ளவும் கூடும். சிறுநீர்க் குழாயும் அப்படித்தான். கிருமித்தொற்றுக்கு வழி திறக்கும், குழப்பத்தைக் கூட்டும், காலைச் சுற்றித் தடுக்கும். மருத்துவக் காரணம் இல்லாமல், எழுந்திருக்க வேண்டாம் என்பதற்காக மட்டும் அதைப் பொருத்துவதை எந்த நல்ல வார்டும் ஏற்காது. கையைக் கட்டிவைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை; யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கட்டிலைவிட்டு எழுந்தால் ஒலிக்கும் அலாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் 16 பிரிவுகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், அலாரத்தின் பயன்பாடு கூடியது; விழுவோர் எண்ணிக்கை குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் ஆறு மருத்துவமனைகளின் 24 வார்டுகளில் 6-பேக் என்ற பெயரில் எச்சரிக்கைப் பலகை, தாழ்ந்த கட்டில், அலாரம், கழிப்பறை மேற்பார்வை முதலியவற்றைச் சேர்த்து ஒரு திட்டத்தை நடத்தினார்கள். 2016இல் முடிவு வந்தபோது, திட்டம் இருந்த வார்டுகளுக்கும் இல்லாத வார்டுகளுக்கும் விழுவதில் வேறுபாடு தென்படவில்லை. இது எங்கள் துறையில் பலரைச் சோர்வடையச் செய்த முடிவு. மறுபுறம், நோயாளியிடமே அமர்ந்து அவர் எப்போது, எதனால் விழக்கூடும் என்பதைப் பேசிப் புரியவைத்த ஆய்வுகள் பயன் தந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவின் மறுவாழ்வுப் பிரிவுகளில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வு அவற்றில் முக்கியமானது. இந்த வகை விளக்கம் தெளிவோடு இருப்பவர்களிடம்தான் எடுபடும். குழப்பத்தில் இருப்பவரிடம் நூறு முறை சொன்னாலும் அதை நம்பி அவரைத் தனியே விடமுடியாது. அங்கே ஆள்துணை ஒன்றே வழி.

எனவே நடக்கவிடுங்கள், துணையோடு. முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காரட்டும். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கட்டும். நின்றபின் சற்று நிதானித்து நடக்கட்டும். கட்டிலின் உயரம் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படியும் அளவில் இருக்கவேண்டும். வீட்டிலிருந்து குதிகால் மூடிய, காலுக்குச் சரியாகப் பொருந்துகிற காலணியைக் கொண்டுவாருங்கள். தளர்ந்த செருப்பும் வெறும் காலுறையும் வேண்டாம். சாப்பாட்டை நாற்காலியில் அமர்ந்து சாப்பிட வையுங்கள்.

---

தாழ்வாரம் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. காலையிலேயே மருத்துவரிடம் "இது வழக்கமான அத்தை அல்லர்" என்று சொன்னேன். அவர் சோதித்துப் பார்த்து டெலிரியம்தான் என்றார். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நிற்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தபோது மேல் அளவு நன்றாகவே குறைந்தது. அத்தைக்குத் தலைசுற்றல் எதுவும் தெரியவில்லை என்பதுதான் எங்களை ஆச்சரியப்படுத்தியது. கொழுந்தனாரும் சிறுநீர்க் குழாய்ப் பேச்சை விட்டுவிட்டார்.

இன்னும் ஒரு சந்தேகம். தூக்க மாத்திரையை நிறுத்தலாமா என்று மருத்துவரே யோசிக்கிறார். ஆனால் இரவு முழுதும் விழித்திருந்தால் அதுவே அபாயமில்லையா? அவர் எடுக்கும் பிற மாத்திரைகளில் எவற்றைப் பற்றிக் கேட்கவேண்டும்?

---

பதில் 4: மாத்திரைப்பெட்டி

மருந்தாளுநராக என் கருத்தைச் சொல்கிறேன். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாக நீண்டகாலமாக எடுத்துவரும் எதையும்.

முதியவர்களுக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் தொகுத்திருக்கிறது. டயாசெபாம், லோராசெபாம் போன்ற பென்சோடயசெபின் வகைகளும், அவற்றைவிடப் பாதுகாப்பானது என்று கருதி எழுதப்படும் சோல்பிடெமும் அதில் உண்டு. இவை தூக்கத்தைக் கொடுக்கும் அதே வேளையில் உடலின் சமநிலையைத் தளர்த்தும். சிறுநீருக்காக நடுவில் எழும்போது மருந்தின் வேகம் குறைந்திராது. டெலிரியம் இருப்பவரிடம் குழப்பத்தையும் கூட்டும். சளி, அரிப்பு, தூக்கம் ஆகியவற்றுக்காகக் கடையில் எளிதாகக் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகளும் அதே பட்டியலில் உள்ளன. வீட்டிலிருந்து கொண்டுவந்த பையில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்தினர் அன்பினால் கொடுத்துவிடுவதுண்டு, மருத்துவமனை அட்டவணையில் அது இராது.

உங்கள் கேள்விக்கு நேரான விடை: விழித்திருப்பவருக்குத் துணை தேவை, மயங்கியிருப்பவருக்கும் துணை தேவை, இரண்டில் விழித்திருப்பவர் கால் எங்கே படுகிறது என்பதையாவது அறிவார். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் படவைத்து உட்கார வைப்பதும், இரவில் விளக்கையும் பேச்சையும் குறைப்பதும், இரவு நடுவில் தேவையற்ற ரத்த அழுத்தச் சோதனையைத் தவிர்க்கமுடியுமா என்று கேட்பதும் மாத்திரை செய்யும் வேலையில் ஒரு பகுதியைச் செய்யும். காது கேட்கும் கருவி இருந்தால் பகலில் அது காதில் இருக்கட்டும்.

சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையை மாலையில் தருகிறார்களா என்று கேளுங்கள். காலைக்கு மாற்றமுடியும் என்றால் இரவுப் பயணம் குறையும். நிற்கும்போது அழுத்தம் சரிகிறது என்று தெரிந்துவிட்டதால், ரத்த அழுத்த மாத்திரைகளில் எதைக் குறைப்பது, எதைத் தற்காலிகமாக நிறுத்துவது என்பதை மருத்துவர் பார்ப்பார். சர்க்கரைக்கு இன்சுலினோ சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவராக இருந்து, பசியின்றி உணவு குறைந்திருந்தால், சர்க்கரை தாழ்ந்துபோவதும் தடுமாற்றத்துக்கும் குழப்பத்துக்கும் காரணமாகலாம். வலிக்குத் தரும் ஓபியாய்டு மருந்துகள், நரம்பு வலிக்கான காபாபென்டின், மனச்சோர்வுக்கான மாத்திரைகள் ஆகியவையும் கவனிக்கவேண்டியவை. ஒவ்வொன்றும் தனித்தனியே தேவையானதாக இருக்கலாம்; நான்கைந்து சேரும்போதுதான் கால் தள்ளாடுகிறது.

---

பதில் 5: கிழக்குச்சாளரம்

இந்த விவாதத்தில் ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். என் தந்தையார் மருத்துவமனை ஒன்றில் அனுமதிக்கப்பட்டிருந்தபோது இரவில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. விசாரித்தபோது, வயதானவர்கள் விழுவது தவிர்க்கமுடியாதது, அவர் மணி அடித்திருக்கவேண்டும் என்று விடை கிடைத்தது. குழப்பத்தில் இருந்தவர் மணியை எப்படி அடிப்பார்? நடக்கவிடுங்கள் என்று இங்கே எழுதுபவர்கள், ஆள் போதாத வார்டில் யார் கூடவே நடப்பது என்பதையும் சொல்லவேண்டும். எல்லாக் குடும்பங்களிலும் இரவு முழுதும் துணைக்கு இருக்க ஆள் கிடைப்பதில்லை.

---

பதில் 6: முதுமைமருத்துவம்

கிழக்குச்சாளரம் அவர்களின் கோபம் நியாயமானது. குழப்பமுள்ள நோயாளியிடம் மணியைக் கொடுத்துவிட்டு, அவர் அடிக்கவில்லை என்று அவர் மேலேயே பொறுப்பைச் சுமத்துவது தவறு. மணி என்பது அதை நினைவில் வைத்திருக்கக்கூடியவருக்கான ஏற்பாடு. மற்றவர்களைச் செவிலியர் மேசைக்கு எதிரே, கண்ணில் படும் இடத்துக்கு மாற்றலாம். குறிப்பிட்ட இடைவெளியில் நாமாகச் சென்று பார்த்துக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லலாம். இவற்றுக்கும் ஆள் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. பணியாளர் எண்ணிக்கையை எந்த அபாயப் படிவமும் கேட்பதில்லை என்பது என்னுடைய நெடுநாளைய குறை.

அதே வேளையில், விழுந்தால் தண்டனை என்ற அணுகுமுறைக்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்காவின் மெடிக்கேர் காப்பீடு, மருத்துவமனைக்குள் விழுந்து ஏற்படும் காயங்களுக்கான கூடுதல் தொகையை 2008 அக்டோபர் முதல் நிறுத்தியது. நோக்கம் நல்லது. ஆனால் ஒருவரும் விழக்கூடாது என்ற அழுத்தம் மிகும்போது, நோயாளியை எழவே விடாமல் வைப்பதுதான் வார்டுக்கு எளிதான வழியாகிவிடுகிறது என்று முதியோர் மருத்துவத்தில் இருப்பவர்கள் தொடர்ந்து எச்சரித்து வருகிறார்கள். துணையோடு நடந்து, அரிதாக ஒருவர் சரிய நேர்ந்தாலும், அது நடக்கவே விடாததைவிடக் குறைந்த தீங்கு என்று நான் கருதுகிறேன். காயமில்லாமல் விழுவோரே பெரும்பான்மையினர் என்றாலும், இடுப்பு முறிந்தவரின் குடும்பத்திடம் இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வராது என்பதும் உண்மை.

---

பதில் 7: இரவுப்பணி

தாழ்வாரம் அவர்கள் கேட்காவிட்டாலும், ஒருவேளை விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஏனெனில் பதற்றத்தில் துணைக்கு இருப்பவர்கள் செய்யும் முதல் செயல் கையைப் பிடித்துத் தூக்குவதுதான். தூக்காதீர்கள். குரல் கொடுத்து எங்களை அழையுங்கள். அவரை அசையாமல் அப்படியே இருக்கச் சொல்லி, பக்கத்தில் அமர்ந்து பேச்சுக் கொடுங்கள். கழுத்து, முதுகு, இடுப்பு ஆகியவற்றைப் பார்த்த பிறகே எழுப்பவேண்டும். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தால் இடுப்பு முறிவு என்றே கருதுவோம். குழப்பமுள்ளவர் வலியைச் சொல்லாமலும் இருக்கலாம்.

தலையில் அடிபட்டதா என்பது அடுத்த கேள்வி. யாரும் பார்க்காமல் விழுந்தவருக்குத் தலையில் அடிபட்டிருக்கலாம் என்று கொண்டே கண்காணிப்போம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால், அந்த நேரத்தில் நன்றாகப் பேசினாலும் போதாது; மூளையைச் சுற்றி மெதுவாகக் கசியும் ரத்தம் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்துத் தன்னைக் காட்டலாம். புதிய தலைவலி, வாந்தி, கூடுதல் தூக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்வு ஆகியவற்றைக் கண்டால் உடனே சொல்லுங்கள். எதற்காக எழுந்தார், கடைசியாக எப்போது கழிப்பறைக்குப் போனார், என்ன மருந்து கொடுத்திருந்தார்கள், காலில் என்ன அணிந்திருந்தார் என்பதை எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஒருமுறை விழுந்தவர் அதே காரணத்தால் மறுபடியும் விழுவது வார்டில் சாதாரணமாக நடக்கிறது.

ஆள்துணை பற்றிக் கேட்டிருந்தார்கள். இரவு முழுதும் இருக்க இயலாத குடும்பம் என்றால், சூரியன் சாயும் வேளையிலிருந்து உறங்கும் வரையிலும், விடியற்காலையிலும் ஒருவர் இருக்கமுடியுமா என்று பாருங்கள். குழப்பம் மிகுவதும் சிறுநீருக்கு எழுவதும் பெரும்பாலும் அந்த வேளைகளில்தான். நடுவில் இருக்கமுடியாத நேரத்தை வார்டில் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். துணைக்கு ஆள் இருக்கிறார் என்று எண்ணி நாங்கள் அந்தக் கட்டிலுக்குக் குறைவாக வருவோம். அவர் தேநீருக்குச் சென்றிருப்பது எங்களுக்குத் தெரியாது.